இரண்டு கால்களைக் காராகப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: நடந்து போகிறவன், பிளாட்பாரம் இல்லாத பக்கம், சென்னை.

பெறுநர்: உயர்திரு போக்குவரத்து அலுவலர் அவர்கள், எந்த வட்டாரமானாலும் சரி.

பொருள்: மனுதாரரின் இரண்டு கால்களையும் சொந்தக் கார் என்று பதிவு செய்து, காருக்கு உரிய மரியாதைகள் அனைத்தையும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

அடியேன் பக்கம் என்றால் நடையும், தூரம் என்றால் டவுன் பஸ்ஸுமாகக் காலம் தள்ளுகிறவன். இத்தனை நாளும் சாலையில் மனிதனாக இருந்து பார்த்துவிட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே மீதிக் காலத்தைக் காராகக் கழித்துவிடலாம் என்று முடிவு செய்து இம்மனுவைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்.

காருக்குச் சக்கரம் நான்கு வேண்டுமே, உனக்கு இருப்பது இரண்டு கால்தானே என்று உங்கள் கிளார்க் ஃபைலைத் திருப்பிவிடுவார். மற்றத் தகுதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புகை சோதனைச் சான்றிதழ் இன்றைக்கே வாங்கிவிடுவேன். ஹாரன் தொண்டையிலேயே இருக்கிறது. பார்க்கிங்குக்கு ஒன்றரை அடி போதும். இதுவரை ஒருவர் மீதும் ஏறியதில்லை. இந்த ஒன்றை வேண்டுமானால் காருக்கான தகுதிக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த விபரீத ஆசை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எப்படிப் போகிறாய் என்று ஜனங்களைக் கேட்டார்கள். விவசாயத்தையும் வீட்டுத் தொழிலையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நாட்டில் வேலை செய்கிறவர்கள் சுமார் 20 கோடி. அதில் நடந்தே போனவர்கள் சுமார் 4.5 கோடி. சைக்கிளில் 2.6 கோடி. பஸ்ஸில் 2 கோடிக்கு மேல். காரில் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை. வயலுக்கு நடக்கிறவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. பிறகு வந்த 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் நூறு வீட்டில் கார் நிற்கிற வீடு எட்டைத் தாண்டவில்லை.

அப்படியானால் நாங்கள்தானே பெரும்பான்மை, ஜனநாயகமாயிற்றே என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். ஆனால் எண்ணினால்தானே பெரும்பான்மை? 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்கவே இல்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஷோரூமிலிருந்து ஒரு கார் இறங்கினால் அதன் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் உடனே உங்கள் 'வாகன்' தளத்தில் ஏறிவிடுகிறது. நடக்கிறவனை எண்ணிப் பார்க்க இந்த நாட்டுக்கு 16 வருஷம் தேவைப்படுகிறது.

காரை மட்டும் சொல்லி இரு சக்கரக்காரர்களை விட்டுவிடக் கூடாது. 2024–25 நிதியாண்டில் கார் வகை வண்டிகள் 43 லட்சம் விற்றன. பைக்கும் ஸ்கூட்டருமாக 1.96 கோடி விற்றன. மக்களின் கனவு நனவாகிறது என்று வணிகப் பக்கங்களில் பூரித்துப் போனார்கள். கனவா? பஸ் வரும் வரும் என்று வெயிலில் நின்று, வந்த பஸ்ஸில் ஏற இடமில்லாமல், ஷேர் ஆட்டோவில் ஒரு தொடையை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், லேட் என்று சம்பளத்தில் பிடித்தம் வாங்கியவன், கடைசியில் மாதத் தவணைக்கு ஒரு வண்டியை எடுக்கிறான். அவன் வண்டி வாங்கவில்லை ஐயா, வராத பஸ்ஸுக்கு அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அடுத்த செலவும் காத்திருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897. அந்த ஆண்டு அதிக விபத்து நடந்த மாநிலம் எது தெரியுமா? நம்முடையதுதான். 64,105 விபத்துகள். முதலிடம் என்றால் போஸ்டர் ஒட்டும் ஊரில் இதற்கு மட்டும் ஒருவரும் ஒட்டவில்லை.

அடுத்து வரி. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கார் அரைக் கோடி ரூபாய் என்றாலும் அதே 5தான். சுற்றுச்சூழலைக் காப்பாற்றவாம். சைக்கிளுக்கு அப்போது எவ்வளவு? 12. பெட்ரோல் கேட்காத, கரண்ட் கேட்காத, மிதிக்கிறவன் தின்ற சோற்றில் ஓடுகிற வண்டிக்கு 12 சதவீதம். ஆறு வருஷம் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதிதான் சைக்கிளையும் 5-க்கு இறக்கினார்கள். அன்றைக்கே சின்னக் கார்களுக்கும் 28-லிருந்து 18 ஆக்கினார்கள். எதற்கு வாழ்த்து விளம்பரம் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாநிலத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. அருமையான திட்டம், வாய்தவறிக்கூடக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை அதை எங்கே ஓட்டுகிறான் என்று ஒருநாள் ஜீப்பை நிறுத்திப் பாருங்கள். பின்னால் தம்பி, ஹேண்டில்பாரில் இரண்டு புத்தகப் பை. நாலு வழிச்சாலையின் ஓர வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஜல்லியும் உடைந்த பாட்டிலும் கிடக்கிற ஒன்றரை அடி மண்ணில் வளைந்து வளைந்து போகிறான். பின்னால் லாரி ஹாரன் அடித்ததும் காலை ஊன்றிக் கருவேல முள்ளுக்குள் இறங்கி நிற்கிறான். தம்பி பையைப் பிடித்துக்கொள்கிறான். லாரி போனபிறகு மறுபடி ஏறுகிறான். சைக்கிளைக் கொடுத்த அரசு ரோட்டை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறது.

டோல்கேட் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று நான்கு டோல்கேட். அங்கே அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாய். பாக்கியைத் தீர்க்கிற வழியைப் பார், இல்லையென்றால் ஜூலை 10 முதல் அரசு பஸ்களை விடாதே என்று 2025-இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அரசு ஓடிப்போய் அவகாசம் கேட்டு அதைத் தள்ளிவைத்தது. அடுத்த மாதம் ஆகஸ்ட் 15. சுதந்திர தினப் பரிசாகச் சொந்தக் கார்க்காரர்களுக்கு ஓர் ஆண்டுப் பாஸ் வந்தது. 3,000 ரூபாய் கட்டினால் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்களை 200 தடவை தாண்டலாம் என்றார்கள். தடவைக்கு 15 ரூபாய். பஸ்ஸுக்கு அந்தப் பாஸ் உண்டா? கிடையாது. ஐம்பது பேரைச் சுமக்கிற பஸ் வாசலில் நிற்கிற கடன்காரன். ஒரே ஒருவரை ஏ.சி. போட்டு உட்காரவைத்துக்கொண்டு போகிற கார் வீட்டு மாப்பிள்ளை.

டெல்லியைத் திட்டிவிட்டுக் கோட்டையைச் சும்மா விட்டால் என் மனு அரசியல் மனு ஆகிவிடும். 276 கோடி பாக்கி வைத்தது யார்? பஸ் கட்டணத்தை 2018-க்குப் பிறகு ஏற்றவில்லை என்று மார்தட்டினார்கள். சந்தோஷம், ஏற்ற வேண்டாம். அதனால் விழுகிற துண்டை யார் நிரப்புவது? டீசலுக்குக் கடன், டோலுக்குக் கடன். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்து இடுப்பு போனவருக்கு அகவிலைப்படி பாக்கி. அதைக் கேட்டுத்தான் 2024 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் ஸ்டிரைக் அடித்தார்கள். பணம் இல்லை என்று அப்போது சொன்ன அதே வாய், அடுத்த மேம்பாலத்துக்குப் பூமி பூஜை போடும்போது எத்தனை கோடி என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்கிறது.

இலவசம் பற்றிச் சொல்லாமல் எப்படி? 2022 ஜூலை 16. உத்தரப் பிரதேசத்தில் 296 கிலோமீட்டர் புந்தேல்கண்ட் விரைவுச்சாலையைத் திறந்துவைத்தார்கள். சுமார் 14,850 கோடி ரூபாய் செலவு. அந்த மேடையிலேயே பிரதமர், இலவசத்தைக் கொடுத்து ஓட்டு வாங்கும் 'ரேவடி' கலாசாரம் நாட்டைக் கெடுத்துவிடும் என்று எச்சரித்தார். ரேவடி என்றால் எள்ளுமிட்டாய். ஒரு வாரம் ஆகவில்லை, மழை பெய்தது, புத்தம் புதுச் சாலையில் ஓர் இடம் உள்ளே இறங்கியது. எள்ளுமிட்டாய்கூட மழையில் அவ்வளவு சீக்கிரம் கரையாது ஐயா. அதே பிரதமர் 2024 மே மாதம், பெண்களுக்கு பஸ்ஸை இலவசமாக்கினால் மெட்ரோவுக்கு யார் வருவார்கள் என்றும் கவலைப்பட்டார். பெண்கள் வேலைக்குப் போவது மெட்ரோவைக் காப்பாற்றத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று முதல் கையெழுத்துகளில் ஒன்றைப் போட்டார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் அதே அரசின் அமைச்சர் பொன்முடி, எல்லாம் ஓசியில்தானே போகிறீர்கள் என்கிற தோரணையில் மேடையில் பேசினார். ஊரே கொதித்தபின் வருத்தம் தெரிவித்தார். திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு சொன்னது. இதைத்தான் ஓசி என்றார்கள்.

மேம்பாலத்தில் ஏறுகிறவரிடம் யாராவது டிக்கெட் கேட்டிருக்கிறார்களா? சாலையோரத்தில் நாள் முழுக்க வண்டியைப் போட்டு வைத்திருப்பவரிடம் எத்தனை தெருவில் வாடகை கேட்கிறார்கள்? நகரத்தில் சதுர அடி பத்தாயிரத்துக்கு மேல் விற்கிற இடத்தில் ஒரு கார் ஓசியில் குடியிருக்கிறது. இலவச பஸ்ஸில் போகிற அந்தம்மா தின்ற எள்ளுமிட்டாய்க்கு மட்டும் எல்லோரிடமும் கணக்கு இருக்கிறது.

அந்தம்மாவை ஸ்டாப்பில் போய்ப் பாருங்கள். காலை ஆறே முக்கால். நான்கு பெண்கள் நிற்கிறார்கள். இரண்டு பேர் வீட்டு வேலைக்கு, ஒருவர் பூக்கூடையோடு, ஒரு நர்ஸ். ரோஸ் கலர் முகப்போடு பஸ் வருகிறது. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும்தான் என்று டிரைவர் பார்க்கிறார். வேகம் குறைவதுபோல் குறைந்து, நிற்காமல், முப்பது நாற்பது அடி தள்ளிப்போய் நிற்கிறது. ஓடுகிறார்கள். பூக்கூடைக்காரர் ஒரு கையால் கூடையையும் இன்னொரு கையால் புடவையையும் பிடித்துக்கொண்டு கடைசியில் ஓடுகிறார். விசில் அடித்தாயிற்று. படியில் கால் வைத்தவரைப் பார்த்து, "சும்மாதானே வர்றீங்க, சீக்கிரம் ஏறினா என்னம்மா?" என்கிறார் கண்டக்டர். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கலெக்‌ஷன் ஏன் குறைந்தது என்று டிப்போவில் அவரைத்தான் நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள். மேலே இருக்கிறவர் மேடையில் சொன்னதைத்தான் கீழே இருக்கிறவர் படியில் சொல்கிறார்.

இனி என் சொந்தத் தொழிலான நடைக்கு வருகிறேன். வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-இலேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையில் எழுதியாயிற்று. 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு படி மேலே போய், போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்றே கொள்கை வகுத்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். உண்மையிலேயே அழகு. அந்த ஒரு தெருவை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் படம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், நடக்கத் தகுந்த நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய உரிமை என்று சொல்லிவிட்டது. ஆக நடப்பவனுக்குக் கொள்கை இருக்கிறது, ஒதுக்கீடு இருக்கிறது, அரசியல் சட்டம் இருக்கிறது. கால் வைக்கத்தான் இடமில்லை.

என் தெரு முனையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை உங்களை அழைத்துப் போகிறேன், வாருங்கள். பிளாட்பாரம் இரண்டடி உயரம். ஏறப் படி கிடையாது. தாவி ஏறினால் பத்தடியில் மின்வாரியப் பெட்டி, கதவு திறந்து வயர் தொங்குகிறது. இறங்கு. மறுபடி ஏறு. மழைநீர் வடிகால் மூடி ஒன்று உடைந்து, ஆள் விழக்கூடாதென்று அதற்குள் ஒரு மரக்கிளையைச் செருகியிருக்கிறார்கள். மாநகராட்சி அல்ல, எதிர் டீக்கடைக்காரர். இறங்கு. அடுத்த வீட்டுக்காரர் கார் ஏறுவதற்காகத் தன் கேட்டிலிருந்து ரோடு வரை சாய்வாக சிமென்ட் போட்டிருக்கிறார். அதன்மேல் கார் நிற்கிறது, அதன்மேல் உறை. காருக்குத் தூசி படக்கூடாதல்லவா. சிக்னல் நெருங்கும்போது கொஞ்சம் தடையில்லாத பிளாட்பாரம் வரும், அதில் பைக்குகள் வரும். பின்னாலிருந்து ஹாரன் அடித்து, "பார்த்து நடங்க சார்!" என்பார்கள். எதிரே கடக்க வேண்டுமா? வெள்ளைக் கோடு தேய்ந்து மூன்று வருஷம் ஆயிற்று. நடைமேம்பாலம் இருக்கிறது, லிப்ட் இருக்கிறது, லிப்டுக்குப் பூட்டும் இருக்கிறது. வண்டிக்காரர் பிரேக்கில் கால் வைக்காமல் இருக்க, முட்டிவலிக்காரக் கிழவி ஐம்பது படி ஏற வேண்டும். இவ்வளவையும் தாண்டி ஒருவர் தினமும் காரில் பீச்சுக்குப் போய் அங்கே நடந்துவிட்டுக் காரில் திரும்புகிறார் என்றால் அவரை நான் கிண்டல் செய்ய மாட்டேன். உயிரோடு நடக்க இந்த ஊரில் அது ஒரு வழி.

ஆக்கிரமிப்பு என்று ஒன்று சொல்வீர்கள். பிளாட்பாரத்தில் இட்லிச் சட்டி வைத்தால் லாரியோடு வந்து தூக்குவீர்கள். 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெள்ளத்தில் கார் மூழ்கிவிடுமே என்கிற பயம், நியாயமான பயம்தான். காவல்துறையும் கண்டுகொள்ளாமல் விட்டது. பாலத்தின்மேல் கார் மூழ்காமல் இருக்க, கீழே முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். இட்லிச் சட்டியையும் அன்றைக்குப் பாலத்தில் ஏற்ற விட்டிருப்பீர்களா?

சென்னைப் புறநகர்க் கிளாம்பாக்கத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 2023 டிசம்பர் 30-இல் சுமார் 394 கோடி செலவில் பேருந்து முனையத்தைத் திறந்தபோது அங்கே ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. விடியற்காலை மூட்டை முடிச்சோடு இறங்கிய குடும்பம், ஊரிலிருந்து சென்னைக்கு வந்த டிக்கெட்டையும், சென்னையிலிருந்து சென்னைக்கு வர ஆட்டோ கேட்ட காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. ரயில் என்றதும் நினைவுக்கு வருகிறது, அதில் மூத்தவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையைக் கொரோனாவைக் காட்டி 2020 மார்ச்சில் பிடுங்கினார்கள். கொரோனா போன பிறகும் சலுகை திரும்பவில்லை. இதையும் பதிவில் வைத்துக்கொள்ளவும்.

மற்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்துவிடலாமா என்றும் யோசித்தேன். மும்பையில் 2024 மார்ச்சில் கடற்கரைச் சாலையின் முதல் பகுதியைத் திறந்தார்கள்; பைக், ஆட்டோ, சைக்கிள் ஏறக்கூடாது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே ஊர் 'பெஸ்ட்' பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆயிற்று. பெங்களூருவில் ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை பூமிக்கடியில் சுமார் 17,000 கோடியில் சுரங்கச் சாலை போடத் திட்டம் தீட்டினார்கள். பஸ்ஸையும் ரயிலையும் கூட்டாமல் இது எதற்கு என்று 2025-இல் கேள்வி எழுந்தபோது, துணை முதல்வர் டி.கே.சிவகுமார் சொன்ன காரணங்களில் ஒன்று, கார் இல்லாத பையனுக்கு இப்போதெல்லாம் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பது. பொறியாளர்கள் மண் பரிசோதனை செய்கிறார்கள், அமைச்சர்கள் ஜாதகம் பார்க்கிறார்கள். என் தம்பிக்கு முப்பத்து நாலு வயதாகிறது. என்னைக் காராகப் பதிவு செய்தால் வீட்டில் கார் இருக்கிறது என்று பெண் வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லிக்கொள்வோம்.

ஆகவே ஐயா அவர்கள் இதைப் பரிசீலித்து, எனக்கு ஒரு நம்பர் பிளேட் வழங்க வேண்டுகிறேன். முதுகில் மாட்டிக்கொள்கிறேன். மாட்டிய நாள் முதல் எனக்கும் சாலையில் பத்தடி அகலம் வேண்டும். ஆண்டுப் பாஸ் வேண்டும். மழைக்காலத்தில் மேம்பாலத்தில் இடம் வேண்டும். நான் நிற்கிற இடத்தில் நிழல் இல்லையென்றால் உறை போட்டுவிடுங்கள்.

பதிவுக் கட்டணம் எவ்வளவு என்றாலும் கட்டுகிறேன். வாழ்நாள் வரியில் மட்டும் ஒரு சந்தேகம். காருக்குப் போலப் பதினைந்து வருஷத்துக்குச் சேர்த்து வாங்கிவிடாதீர்கள், எனக்குக் கட்டுபடியாகாது. 2022-இல் மட்டும் சாலையில் நடந்துபோய்ச் செத்தவர்கள் 32,825 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அச்சடித்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். புதுப்பிக்க அடுத்த வருஷம் நானே நேரில் வருகிறேன், வர முடிந்தால்.

இப்படிக்கு,
நடந்து போகிறவன்